யேலின் அப்பா போட்ட கையெழுத்து: பாஸ்டன் சபையில் உறுப்பினர் என்றால் யார்?

இந்த எபிசோடை நேரா சென்னையில இருந்தே ஆரம்பிக்கலாம்.

ஜார்ஜ் கோட்டைக்குள்ள, நம்ம தலைமைச் செயலகம் இருக்கிற அதே வளாகத்துல, புனித மேரி தேவாலயம்னு ஒரு பழைய சர்ச் இருக்கு. 1680ல பிரதிஷ்டை பண்ணினது. அங்க உள்ள கல்யாணப் பதிவேட்டுல முதல் பதிவு, எலிஹு யேல்ங்கிற கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியரோடது. 1687ல அவர் மெட்ராஸ் கவர்னர் ஆனார். சொந்தமா வியாபாரம் பண்ணிச் சம்பாதிச்சார்ங்கிற புகார்களோட 1692ல பதவி போச்சு. பின்னாடி அமெரிக்காவுல ஒரு சின்னக் கல்லூரிக்கு அவர் அனுப்பின பொருட்களை வித்து வந்த பணத்துக்காக, அந்தக் கல்லூரிக்கு அவர் பேரையே வெச்சாங்க. அதுதான் யேல் பல்கலைக்கழகம்.

இதெல்லாம் நிறைய பேருக்குத் தெரிஞ்ச கதை. அவ்வளவா பேசப்படாத ஒண்ணு இருக்கு. எலிஹு யேல் பிறந்தது 1649ல, அமெரிக்காவுல பாஸ்டன்ல. அவருக்கு மூணு வயசு இருக்கும்போது குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பிடுச்சு. அதுக்கு ஆறு வருஷம் முன்னாடி, 1646ல, அவரோட அப்பா டேவிட் யேல் ஒரு மனுவுல கையெழுத்துப் போட்டு அபராதம் கட்ட வேண்டி வந்தது. மனுவோட சாரம் இதுதான்: "நாங்களும் இந்த ஊர்லதான் இருக்கோம், வரி கட்டுறோம். ஆனா சபை உறுப்பினர் இல்லைங்கிறதால எங்களுக்கு ஓட்டும் இல்ல, பதவியும் இல்ல. இது நியாயமா?"

சர்ச் மெம்பர்ஷிப்புக்கும் ஓட்டுரிமைக்கும் என்ன சம்பந்தம்? இன்னைக்கு அதைத்தான் பேசப்போறோம்.

கதவு ஏன் அவ்வளவு குறுகலா இருந்தது?

1630ல ஜான் வின்த்ராப் தலைமையில பல கப்பல்கள் இங்கிலாந்துல இருந்து மாசசூசெட்ஸ் விரிகுடாவுக்கு வந்து சேர்ந்தது. வந்தவங்க பியூரிட்டன்கள். இங்கிலாந்து திருச்சபை இன்னும் முழுசாச் சீர்திருந்தலைங்கிறது அவங்க குறை. அதுல ரொம்ப முக்கியமான குறை, இந்த உறுப்பினர் விஷயம்தான். அங்க ஒரு ஊர்ல பிறந்தாலே நீங்க அந்த ஊர்ச் சபையைச் சேர்ந்தவர். குடிகாரனும் உறுப்பினர், வட்டிக்காரனும் உறுப்பினர், எதையும் நம்பாதவனும் உறுப்பினர். எல்லாரும் ஒரே திருவிருந்துல பங்கெடுப்பாங்க.

பியூரிட்டன்களுக்கு இது சரியாப் படல. சபைங்கிறது பிறப்பால வர்றது இல்ல, ஒருத்தருக்கொருத்தர் உடன்படிக்கை செஞ்சு உருவாகுறதுன்னு சொன்னாங்க. 1630 ஜூலை 30 அன்னைக்கு வின்த்ராப், தாமஸ் டட்லி, ஐசக் ஜான்சன், போதகர் ஜான் வில்சன்னு நாலு பேர் ஒரு சின்ன உடன்படிக்கையில கையெழுத்துப் போட்டாங்க. அப்படித் தொடங்கினதுதான் பாஸ்டனோட முதல் சபை. இன்னைக்கு நாம பார்க்கப்போற எல்லாரும் ஏதோ ஒரு வகையில இந்த ஒரு சபையைச் சுத்தி வர்றவங்கதான்.

இந்தச் சபைகள்ல சேர்றது எப்படின்னா, முதல்ல மூப்பர்களைப் பார்க்கணும். அவங்க உங்க நடத்தையை விசாரிப்பாங்க. அப்புறம் சபை முன்னாடி, கடவுள் உங்க மனசுல எப்படி வேலை செஞ்சார்னு சொல்லணும். நம்ம ஊர்ச் சபைகள்ல "சாட்சி சொல்றது"ன்னு சொல்வோமே, கிட்டத்தட்ட அதுதான். ஒரு வித்தியாசம், இங்க சாட்சி சொல்லி முடிச்சதும் கைதட்டு கிடையாது, கேள்விகள் வரும். அதுக்கு அப்புறம்தான் சபை ஏத்துக்கலாமா வேண்டாமான்னு முடிவெடுக்கும். பக்கத்து ஊர் கேம்பிரிட்ஜ்ல போதகரா இருந்த தாமஸ் ஷெப்பர்ட், இப்படிப்பட்ட சுமார் 50 சாட்சிகளைத் தன் நோட்டுல எழுதி வெச்சிருக்கார். அதுல வேலைக்காரப் பெண்களோட சாட்சியும் இருக்கு. தன்னம்பிக்கையாப் பேசினவங்களை விட, "எனக்குச் சந்தேகமாவே இருக்கு"ன்னு தயங்கினவங்கதான் அதுல அதிகம். ஏன்னா, தன் மேல ரொம்ப நிச்சயமா இருக்கிறவன் தன்னையே ஏமாத்திக்கிறான்னு அவங்க நினைச்சாங்க.

கோயிலுக்கு வர்றது வேற, உறுப்பினரா இருக்கிறது வேறங்கிறதை இங்க ஞாபகம் வெச்சுக்கணும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு ஊர்ல எல்லாரும் வந்தே ஆகணும், அது சட்டம். போதகர் சம்பளத்துக்கான வரியும் உறுப்பினர் இல்லாதவங்களுக்கும் சேர்த்துத்தான். ஆனா திருவிருந்து உறுப்பினர்களுக்கு மட்டும். பிள்ளைகளுக்கு ஞானஸ்நானமும் அவங்களுக்கு மட்டும்.

ரெண்டையும் சேர்த்துக் கட்டின முடிச்சு

இதுவரைக்கும் இது ஒரு மதக் குழுவோட உள்விவகாரம். 1631 மே மாசம் அது மாறிடுச்சு. இனிமே சபை உறுப்பினரா இருக்கிற ஆண்கள் மட்டும்தான் "ஃப்ரீமேன்", அதாவது காலனியில ஓட்டுப் போடுற தகுதி உள்ளவர்னு பொது மன்றம் சட்டம் போட்டது.

அவங்க பார்வையில இது ஒருவிதத்துல விரிவாக்கமும்கூட. இங்கிலாந்துல ஓட்டுப் போட நிலம் வேணும். இங்க நிலம் இல்லாத ஒரு தச்சர்கூட, சபை அவரை ஏத்துக்கிட்டா கவர்னரைத் தேர்ந்தெடுக்கலாம். போதகர்கள் அரசுப் பதவிக்கு வரக்கூடாதுங்கிற வழக்கமும் இருந்தது. சபை ஒருத்தரை நீக்கினாலும் அதனால அவரோட அரசுப் பதவி போகாதுன்னு 1641ல வந்த உரிமைச் சட்டம் தெளிவாவே சொல்லுது. அதனால "சாமியார்கள் ஆட்சி"ன்னு சுலபமா ஒதுக்கிட முடியாது.

இருந்தாலும் முடிச்சு முடிச்சுதான். சாஃப்ட்வேர்ல இதை "டைட் கப்ளிங்"னு சொல்வோம். ரெண்டு தனித்தனி மாட்யூலை இறுக்கிக் கட்டிட்டா, ஒண்ணுல கை வெச்சா இன்னொண்ணு உடையும். இப்போ சபைக்கதவுல நிக்கிறவர் ஆன்மாவை மட்டும் சோதிக்கிறதில்ல, வாக்காளர் பட்டியலையும் சேர்த்துத்தான் கையில வெச்சிருக்கார். உள்ளே வர நினைக்கிறவனுக்கும் மனமாற்றத்தோட இன்னொரு காரணமும் சேர்ந்துடுது. எது உண்மையான சாட்சி, எது ஓட்டுக்கான சாட்சின்னு யார் பிரிக்கிறது?

டேவிட் யேல் கையெழுத்துப் போட்ட 1646 மனு இந்த முடிச்சைத்தான் தொட்டது. ராபர்ட் சைல்டுங்கிற டாக்டர் தலைமையில ஏழு பேர் கொடுத்த மனு. பதிலா வந்தது அபராதம்.

யேல் குடும்பத்துக்கு இது புதுசும் இல்ல. டேவிட்டோட அம்மா ஆன் ஈட்டன், நியூ ஹேவன் காலனியோட கவர்னர் மனைவி. குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறது சரியான்னு அவங்களுக்குச் சந்தேகம் வந்தது. நியூ ஹேவன் போதகர் ஜான் டேவன்போர்ட் முன்னாடி விசாரணை நடந்து, 1645ல அவங்களைச் சபையில இருந்து நீக்கிட்டாங்க. கவர்னர் மனைவிங்கிற அந்தஸ்து காப்பாத்தல. இந்த டேவன்போர்ட் பேரை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வருவார்.

ஒரே சபை, ரெண்டு தராசு

உறுப்பினரா இருக்கிறதுல உரிமை ஒரு பாதி. இன்னொரு பாதி, மத்த உறுப்பினர்கள் உங்களைக் கேள்வி கேட்கலாம். நீங்க கடையில என்ன விலைக்கு வித்தீங்க, வீட்டுல எப்படிப் பேசுனீங்க, எல்லாமே சபையோட விஷயம்.

பாஸ்டன் முதல் சபையில ராபர்ட் கீன்னு ஒரு பணக்கார வியாபாரி இருந்தார். ஆணி, பட்டன் மாதிரிப் பொருட்களை அநியாய விலைக்கு வித்தார்னு 1639ல அவர் மேல புகார். பொது மன்றம் பெரிய அபராதம் போட்டது. அதோட முடியல, சபையும் விசாரிச்சது. சிலர் நீக்கணும்னாங்க. கடைசியில கண்டனத்தோட விட்டாங்க. அவர் தப்பை ஒத்துக்கிட்டு உறுப்பினராவே தொடர்ந்தார்.

ஆனா காயம் ஆறல. 1653ல கீன் தன் உயில எழுத ஆரம்பிச்சார். அது 150 பக்கத்துக்கு மேல போச்சு. ஊருக்கு ஒரு பொதுக் கட்டடம் கட்டப் பணம் ஒதுக்குறார், நடுநடுவுல 14 வருஷம் முன்னாடி நடந்த அந்த விலை விவகாரத்துக்கு விளக்கம் எழுதிக்கிட்டே இருக்கார். சொத்து எழுத உக்காந்த மனுஷன், தன் பேரை மீட்கத்தான் அத்தனை பக்கமும் எழுதியிருக்கார்.

கீனுக்கு ஒரு பழக்கம், சபையில நடக்கிறதைக் குறிப்பெடுக்கிறது. அதனாலதான் நமக்கு அடுத்த கதை கிடைக்குது.

அவர் கண்டிக்கப்பட்டு ஒரு வருஷம் கழிச்சு, அதே சபையில ஆன் ஹிபின்ஸ்னு ஒரு அம்மா மேல விசாரணை. அவங்க வீட்டுல தச்சு வேலை நடந்தது. தச்சர் கூலி அதிகமா வாங்கிட்டார்னு அவங்க சொன்னாங்க. மத்தியஸ்தம் பண்ணிப் பார்த்தாங்க, அந்த அம்மா திருப்தியடையல. தச்சர்கள் எல்லாரும் சேர்ந்துக்கிட்டுப் பேசுறாங்கன்னு திரும்பத் திரும்பச் சொன்னாங்க. சபைக்கு விலையை விட அவங்க விடாப்பிடிதான் பெரிய குத்தமாப் பட்டது. கணவருக்கு அடங்காம, அவர் இடத்தை இவங்க எடுத்துக்கிட்டாங்கங்கிறதும் குற்றச்சாட்டுல சேர்ந்தது. 1641 தொடக்கத்துல அவங்களைச் சபையில இருந்து நீக்கிட்டாங்க.

ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. அதிக விலை வாங்கினதா குற்றம் சாட்டப்பட்ட ஆண், கண்டனத்தோட உள்ளேயே இருக்கார். அதிக விலை வாங்கினாங்கன்னு புகார் சொன்ன பெண், வெளியே. அவர் தலை குனிஞ்சார், இவங்க குனியலங்கிறதும் உண்மைதான். ஆனா எவ்வளவு குனிஞ்சா போதும்ங்கிற அளவுகோல் ரெண்டு பேருக்கும் ஒண்ணா இருந்ததா? மூணு வருஷம் முன்னாடி, 1638ல, இதே சபை ஆன் ஹட்சின்சனை நீக்கியிருந்தது. வீட்டுல கூட்டம் போட்டுப் பிரசங்கங்களை அலசினவங்க அவங்க. அந்த ஞாபகமும் அந்த அறையில இருந்திருக்கும்.

ஹிபின்ஸ் அம்மாவோட கணவர் வில்லியம் ஹிபின்ஸ், காலனியோட உயர் அதிகாரிகள்ல ஒருத்தர். அவர் இருந்தவரைக்கும் பிரச்சினை இல்ல. 1654ல அவர் இறந்தார். 1656 ஜூன்ல அந்த அம்மாவைச் சூனியக்காரின்னு சொல்லித் தூக்குல போட்டாங்க. சபை நீக்கம்தான் தூக்குக்குக் காரணம்னு நேர்கோடு போட முடியாது, நடுவுல 15 வருஷம் இருக்கு. ஆனா அவங்களுக்காக எழுந்து நிக்க வேண்டிய உடன்படிக்கைக் கூட்டத்துல அவங்க பேர் அப்போ இல்ல.

இன்னொரு பக்கமும் சொல்லணும். அதே 1641ல, டார்செஸ்டர்ல ஸ்டௌட்டன்ங்கிறவர் வீட்டுல வேலை செஞ்ச ஒரு கறுப்பினப் பெண்ணைச் சபை சோதிச்சு, உறுப்பினரா ஏத்துக்கிட்டு, ஞானஸ்நானம் கொடுத்ததுன்னு வின்த்ராப் நாட்குறிப்புல இருக்கு. ஊர்ல பாதி ஆண்டைகளுக்குக் கிடைக்காத திருவிருந்து அந்தப் பெண்ணுக்குக் கிடைச்சது. ஆனா அடுத்த நாள் காலையில அவங்க திரும்பிப் போனது அதே வீட்டு வேலைக்குத்தான். ஓட்டும் கிடையாது. எந்த உறுப்பினர் பெண்ணுக்கும் கிடையாது.

பேரப்பிள்ளைகளை என்ன பண்றது?

1650கள்ல ஒரு புதுச் சிக்கல். முதல் தலைமுறை சாட்சி சொல்லிச் சேர்ந்தது. அவங்க பிள்ளைகள் ஞானஸ்நானம் வாங்கினாங்க, ஒழுங்கா வளர்ந்தாங்க. ஆனா நிறைய பேரால "எனக்கு மனமாற்றம் நடந்தது"ன்னு எழுந்து சொல்ல முடியல. பொய் சொல்ல மனசு வராத நேர்மையானவங்களும் அதுல இருந்தாங்க. அப்படின்னா இவங்க பெத்த பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் உண்டா?

பிறப்பால வர்ற உறுப்பினர் பதவி வேண்டாம்னு கடல் தாண்டி வந்தவங்க முன்னாடி, அவங்க பேரப்பிள்ளைகளே தொட்டில்ல கிடக்கிறாங்க. 1662ல கூடின போதகர்கள் மாநாடு ஒரு சமரசம் கண்டது. பின்னாடி இதுக்கு "பாதி வழி உடன்படிக்கை"ன்னு கேலிப் பேரே வந்துடுச்சு. ஞானஸ்நானம் பெற்ற பெற்றோர் உடன்படிக்கையை ஏத்துக்கிட்டா, அவங்க பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் உண்டு. ஆனா பெற்றோருக்குத் திருவிருந்தும் இல்ல, சபை ஓட்டும் இல்ல.

பாஸ்டன் முதல் சபை இதை வெச்சே உடைஞ்சது. 1668ல அவங்க கூப்பிட்ட புதுப் போதகர், இந்தச் சமரசத்தோட பரம எதிரி. ஆமா, ஆன் ஈட்டனை நீக்கின அதே ஜான் டேவன்போர்ட்! ஒரு சபையில இருந்து இன்னொரு சபைக்கு மாறணும்னா பழைய சபை விடுவிப்புக் கடிதம் தரணும். நம்ம ஊர்லயும் சபை மாறினா, கல்யாணம்னா, பழைய போதகர்கிட்ட லெட்டர் வாங்கிட்டு வரச் சொல்றாங்களே, அதே மாதிரி. நியூ ஹேவன் சபைக்கு அவரை விட மனசில்ல. அவங்க எழுதின கடிதம் தெளிவான விடுதலையா இல்ல. பாஸ்டன் மூப்பர்கள் அதுல தங்களுக்கு வசதியான பகுதியை மட்டும் சபையில வாசிச்சுட்டாங்க! முழுக் கடிதம் வெளியே வந்தப்போ ஊரே நாறிடுச்சு. பிரிஞ்சு போனவங்க 1669ல மூணாவது சபையைத் தொடங்கினாங்க. பின்னாடி அதுக்கு ஓல்டு சவுத்னு பேர். சுத்தமான உறுப்பினர் பட்டியல் வேணும்னு கேட்ட பக்கம், கடிதத்தை வெட்டி வாசிச்ச பக்கமும் அதுதான்.

முடிச்சு அவிழ்ந்த பிறகு

ஓட்டுக்கும் சபைக்கும் இருந்த கட்டை அவிழ்த்தது லண்டன். 1664ல மன்னரோட அழுத்தத்துல சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தினாங்க. 1684ல காலனியோட சாசனமே ரத்தாச்சு. 1691ல வந்த புதுச் சாசனம், ஓட்டுக்குத் தகுதி சொத்துன்னு மாத்திடுச்சு. ஒரு அநியாயம் போய் இன்னொண்ணு வந்ததுன்னும் சொல்லலாம். போதிய சொத்து இல்லாத தச்சர் இப்போ எவ்வளவு உருக்கமா சாட்சி சொன்னாலும் ஓட்டு இல்ல. போதகருக்கான வரியோ மாசசூசெட்ஸ்ல 1833 வரைக்கும் நீடிச்சது.

புதுச் சாசனம் வந்த கையோட, 1692ல, சேலம் சூனிய வழக்குகள். 19 பேரைத் தூக்குல போட்டாங்க. அதுல ரெபெக்கா நர்ஸ், 70 வயசு தாண்டின பாட்டி, சேலம் சபையோட மதிப்புள்ள உறுப்பினர். அவங்களுக்குத் தண்டனை உறுதியானதும், ஜூலை 3ஆம் தேதி சபை அவங்களை நீக்கினது. ஜூலை 19 தூக்கு. அந்த நீக்கத்தை அதே சபை 1712ல ரத்து பண்ணுச்சு. இருபது வருஷம் கழிச்சு, செத்துப்போன பாட்டியோட பேரைத் திரும்பப் பட்டியல்ல சேர்த்தாங்க. அந்தக் குடும்பத்துக்கு அது வெறும் சடங்கா இருந்திருக்காது. தங்க பாட்டி நரகத்துக்குப் போனவர் இல்லைன்னு ஊர் ஒத்துக்கிட்ட நாள் அது.

அந்த வழக்குகளோட தலைமை நீதிபதி வில்லியம் ஸ்டௌட்டன். டார்செஸ்டர்ல அந்தக் கறுப்பினப் பெண் வேலை செஞ்ச வீட்டுப் பிள்ளை. அவர் கடைசி வரைக்கும் மன்னிப்புக் கேட்கல.

இன்னொரு நீதிபதி சாமுவேல் சீவல், ஓல்டு சவுத் சபையோட உறுப்பினர். 1696 டிசம்பர்ல அவரோட சின்னப் பொண்ணு இறந்துச்சு. அடுத்த மாசம், 1697 ஜனவரி 14, காலனி முழுக்க உபவாச நாள். ஆராதனைக்கு நடுவுல சீவல் ஒரு தாளைப் போதகர் சாமுவேல் வில்லர்டுகிட்ட கொடுத்தார். அவர் வாசிக்க வாசிக்க, நீதிபதி தன் இடத்துல எழுந்து நின்னார். சேலம்ல நடந்ததுக்கான பழியையும் அவமானத்தையும் தான் ஏத்துக்கிறதா அதுல எழுதியிருந்தார். வாசிச்சு முடிச்சதும் தலை வணங்கினார். நீதிபதிகள்ல வேற யாரும் அப்படி நிக்கல.

சீவல் ஏன் கோர்ட்டுல நிக்காம, சபையில நின்னார்? சட்டம் அவரை எதுவும் கேட்கல. ஓட்டுக்கோ பதவிக்கோ அப்போ சபை தேவையும் இல்ல. ஆனா அவர் ஒரு உடன்படிக்கையில இருந்தார். பக்கத்துப் பெஞ்சுல உக்காந்திருக்கிற கடைக்காரர்கள், விதவைகள், வேலைக்காரங்க முன்னாடி பதில் சொல்லக் கடமைப்பட்டவர்னு தன்னை நினைச்சார். 1630ல அந்த நாலு பேர் கையெழுத்துப் போட்ட யோசனையோட நல்ல பகுதி இதுன்னு எனக்குத் தோணுது. ஆன் ஹிபின்ஸ் கதையில கேள்வி மேல இருந்து கீழே போச்சு. இங்க முதல் தடவையா அதிகாரத்துல இருக்கிறவர் கீழே இருக்கிறவங்களுக்குப் பதில் சொல்றார்.

சபை, சங்கம், ஜமாத், ஊர்க் கமிட்டின்னு நம்ம எல்லாருமே ஏதாவது ஒரு பட்டியல்ல இருக்கோம். சி.எஸ்.ஐ. சபைகள்ல தேர்தல் வந்தா, உறுப்பினர் பட்டியல்ல யார் பேர் இருக்கு, யார் பேர் விட்டுப்போச்சுன்னு நடக்கிற சண்டை உங்கள்ல பல பேருக்குத் தெரியும். அந்த மாதிரிப் பட்டியலைப் பார்க்கும்போது, யாரைச் சேர்த்தாங்கன்னு மட்டும் பார்க்காதீங்க. அங்க யாரை யார் கேள்வி கேட்க முடியுதுன்னும் பாருங்க. பொருளாளர்கிட்ட கணக்குக் கேட்டவங்க பேர் அடுத்த வருஷமும் பட்டியல்ல இருக்கான்னு பாருங்க.

உங்க ஊர்ச் சபையிலயோ சங்கத்திலயோ பழைய உறுப்பினர் பதிவேடு இருந்தா, அதுல என்ன இருக்குன்னு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.